பாலக்காட்டுக் காற்றில் டாங்யுவான் பிடிப்பது எப்படி?

சீனாவின் டோங்ஜி திருநாள் டிசம்பர் 21 முதல் 23-க்குள் வரும்; ஆண்டிலேயே பகல் குறுகிய நாள். வடக்கே அன்று காது வடிவக் கோதுமைக் கொழுக்கட்டை, ஜியாவ்ஸி. தெற்கே டாங்யுவான் என்ற பசையரிசி உருண்டை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளுக்குத் தோதானது பின்னதுதான். ஆனால் கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை இதில் பாதி உதவும், பாதி கெடுக்கும்.

இடியாப்ப மாவு ஆகாது. நம் பச்சரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து இருப்பதால் ஆறினால் இறுகும். பசையரிசியில் அது அனேகமாக இல்லை, அந்த இழுவை வருவதே அதனால்தான். கவுனி அரிசி பசையுள்ளதென்றாலும் தவிட்டோடு அரைத்தால் வழவழப்பு வராது. தாய்லாந்தின் மூன்று யானை பிராண்டு மாவு பாக்கெட் வாங்கினால் பச்சை எழுத்தில் உள்ளதை எடுங்கள், அதுதான் பசையரிசி மாவு. சிவப்பு எழுத்து என்றால் சாதா அரிசி மாவு.

முதலில் பூரணம். கருப்பு எள் 80 கிராம் வறுத்துப் பொடித்து, சர்க்கரை 50, நெய் 40 கிராம் சேர்த்துப் பிசைந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இறுகியபின் 7 கிராம் வீதம் 24 உருண்டை. இளகிய பூரணத்தை உள்ளே வைத்து மூட முடியாது. திதிக்கு உரியது என்று எள்ளைத் தவிர்ப்பவர்கள் வேர்க்கடலை வைக்கலாம்; சீனர்களும் வைப்பார்கள். அங்கேயும் இந்த உருண்டையை முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடும் வழக்கம் உண்டு.

மாவு 200 கிராமுக்குத் தண்ணீர் 150 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. பிசைந்ததில் எலுமிச்சை அளவு எடுத்துத் தட்டி, கொதிநீரில் மிதக்கும்வரை வேகவைத்து, சூட்டோடு மறுபடி மாவிலேயே சேர்த்துப் பிசையுங்கள். இதை விட்டால் மூடும்போதே வெடிக்கும். காதுமடல் மென்மை வந்தால் சரி; இல்லையென்றால் இன்னும் 10 மில்லி. டிசம்பரில் கணவாய் வழியே வரும் வறண்ட கிழக்குக் காற்று இதற்கு எமன். ஜன்னலைச் சாத்தி, மாவை ஈரத்துணியால் மூடியே வையுங்கள். 15 கிராம் வீதம் கிள்ளி, கிண்ணம்போல் குழித்து, பூரணம் வைத்து, காற்று தங்காமல் மூடி உருட்டுங்கள். ஃபூஜியான், தைவான் பக்கம் பூரணமில்லாத சிவப்பு, வெள்ளை உருண்டைகளும் உண்டு. சிவப்புக்குப் பீட்ரூட் சாறு போதும்.

கொதிநீரில் போட்டதும் கரண்டியின் முதுகால் லேசாகத் தள்ளிவிடுங்கள், அடி பிடிக்காது. மிதந்தபின் தீயைக் குறைத்து 2 நிமிடம். தளதளவென்று கொதித்தால் கிழிந்து தண்ணீர் கறுத்துவிடும். பாகு தனி: 750 மில்லி தண்ணீரில் தட்டிய இஞ்சி 40 கிராம், வெல்லம் 100 கிராம், 10 நிமிடம் கொதித்ததும் வடிகட்டி, வெந்த உருண்டைகளை இதில் போடுங்கள். உருண்டையைப் பாகிலேயே வேகவைத்தால் கஞ்சியாகும்.

சூடாகச் சாப்பிட வேண்டியது, ஆனால் உள்ளே பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும். தொண்டையில் அடைக்கும் பண்டமும்கூட. சின்னக் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் சிறு துண்டாக்கிக் கொடுங்கள். மிஞ்சியதை வேகவைக்காமல் தட்டில் இடைவெளிவிட்டு ஃபிரீஸரில் வைத்து, குளிர் விடாமல் அப்படியே கொதிநீரில் போடுங்கள். வெளியே வைத்து இளகவிட்டால் விரிசல்தான்.