பரம்பரையலகு எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது?

விதைப்புக் காலத்தில் ஒருவர் நாள் தவறாமல் குளத்துத் துருசடியில் நின்றால், நீர் திறப்போடு அவருக்கு ஏதோ தொடர்பு என்று நினைப்போம். பரம்பரையலகின் (ஜீனின்) வேலையை ஊகிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அது எந்த இழையத்தில் அதிகம் வெளிப்படுகிறது, அதாவது அதன் ஆர்என்ஏ பிரதிகள் எங்கே அதிகம் உருவாகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஜி-டி-இ-எக்ஸ் (GTEx) என்னும் இணையத்தளத்தைத் திறவுங்கள். இலவசம்தான். அதன் எட்டாம் பதிப்பில், இறந்த 948 பேரின் உடல்களில் 54 இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளில் பரம்பரையலகுகள் எவ்வளவு வெளிப்படுகின்றன என்ற அளவீடுகள் உள்ளன.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயின் பேச்சு அடிக்கடி அடிபடும், எனவே சிறுநீரகத்தையே எடுப்போம். தேடல் பெட்டியில் யூ-எம்-ஓ-டி (UMOD) என்ற பரம்பரையலகின் பெயரைத் தட்டுங்கள். வரைபு சிறுநீரகத்தில் மட்டும் எழும்பி நிற்கும், மற்ற இழையங்கள் தரையோடு கிடக்கும். அளவு டிபிஎம்: பத்து இலட்சம் ஆர்என்ஏ பிரதிகளில் எத்தனை இதனுடையவை என்பது. வரைபு மடக்கை அளவிலா நேர் அளவிலா என்று கவனியுங்கள். நான் முதல்முறை மடக்கையில் பார்த்துவிட்டு, சின்னச் சின்னப் புடைப்புகளுக்கெல்லாம் கதை கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஜி-ஏ-பி-டி-எச் (GAPDH) என்ற பரம்பரையலகு. எங்கும் உயரமாக இருக்கும். ஊரில் எல்லா விசேஷத்துக்கும் வருகிறவரைப் போல. அவர் நிற்கும் இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, இனித்தான் முக்கியமான வேலை. மல்டி ஜீன் குவெரி பக்கத்தில் யூ-எம்-ஓ-டி, எஸ்-எல்-சி-12-ஏ-1 (SLC12A1), ஏ-கியூ-பி-2 (AQP2), ஏ-எல்-பி (ALB) ஆகிய நான்கு பரம்பரையலகுகளையும் காற்புள்ளியிட்டுப் போடுங்கள். நிறப்படத்தில் முதல் மூன்றும் சிறுநீரகத்தில் கருக்கும், கடைசி ஈரலுக்குப் போய்விடும். எஸ்-எல்-சி-12-ஏ-1 உப்பை மீள உறிஞ்சும் புரதத்துக்கானது என்பது தெரிந்த செய்தி. அதோடு சேர்ந்து ஏறி இறங்கும், வேலை தெரியாத ஒரு பரம்பரையலகு கிடைத்தால், அதுவும் அந்த வேலையோடு தொடர்புடையதோ என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான். துருசடியில் நிற்கிறவர் குளிக்க வந்தவராகவும் இருக்கலாமே.

மாதிரி எண்ணிக்கையையும் பாருங்கள். எட்டாம் பதிப்பில் சிறுநீரக அகணிக்கு (உட்பகுதிக்கு) வெறும் 4 மாதிரிகள், அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், ஒரு துண்டு இழையத்தில் பலவகைக் கலங்கள் கலந்திருக்கும். ஏ-கியூ-பி-2 நீரை விடுவது சேகரிக்கும் கானில், மற்ற இரண்டும் இருப்பது ஹென்லேயின் தடத்து ஏறுபுயத்தில்; இவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் வெவ்வேறு பகுதிகள். நிறப்படம் மூன்றையும் ஒரே கூட்டமாகக் காட்டியதல்லவா? ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தின் ஒற்றைக் கலப் பகுதியில் அதே மூன்று பெயர்களையும் தேடுங்கள், ஏ-கியூ-பி-2 தனியே பிரியும்.