குறைந்த விலையில் ஒரு கம்ப்ரஸர்: இன்டர்ஃபேஸின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

உரத்த இடங்களை அமுக்கிக் குரலின் அளவைச் சீராக்கும் கருவி கம்ப்ரஸர். வீட்டு ஒலிப்பதிவுக்கு அதை வாங்க யோசனை கேட்பவர்களிடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்கிறேன். எங்கே செருகப்போகிறோம் என்பதே முடிவாகாமல் எந்தப் பெட்டி நல்லது என்று விவாதிப்பது வீண்.

மைக்கிலிருந்து நேரே வரும் மெல்லிய சமிக்ஞை கம்ப்ரஸருக்கு உதவாது. பிரீஆம்ப் என்னும் பெருக்கி அதை லைன் அளவுக்கு (கருவிகளுக்கிடையே செல்லும் வழக்கமான அளவு) உயர்த்திக் கொடுக்க வேண்டும். மைக், பிரீஆம்ப், கம்ப்ரஸர், அதன் பிறகு டிஜிட்டல் மாற்றி என்பதே வரிசை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2 போன்ற சிறிய இன்டர்ஃபேஸ்களில் பிரீஆம்பும் மாற்றியும் உள்ளேயே இணைந்துவிடுகின்றன; நடுவில் நுழைய வழியில்லை. பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 204எச்.டி., 404எச்.டி. இரண்டிலும் பிரீஆம்புக்கும் மாற்றிக்கும் நடுவே வேறு கருவியைச் செருக 'இன்சர்ட்' துளைகள் உண்டு. விலைக்கு அது பெரிய வசதி. இன்சர்ட் இல்லாதவர்கள் தனி பிரீஆம்ப் வாங்கி, அதன் வெளியீட்டைக் கம்ப்ரஸர் வழியாக லைன் உள்ளீட்டுக்குக் கொண்டுவரலாம். ஸ்கார்லெட் 4ஐ4 போல நான்கு வெளியீடுகள் இருந்தால், பதிவான குரலைக் கூடுதல் வெளியீடு வழியாகக் கம்ப்ரஸருக்கு அனுப்பித் திரும்பப் பதிந்துகொள்ளலாம். இவை எதுவும் இயலாது என்றால், கம்ப்ரஸருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல இன்டர்ஃபேஸுக்குச் செலவிடுங்கள்.

அடுத்த கேள்வி, மென்பொருள் கம்ப்ரஸர் இருக்கும்போது பெட்டி தேவையா என்பது. டேப் காலத்தில் நாடாவின் இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்த அது அவசியமாக இருந்தது. இன்று 24 பிட் டிஜிட்டல் பதிவில் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்குமாறு பதிந்தாலே போதும்; மற்றதை ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரீகாம்ப் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்ளும். பிறகு நான் ஏன் பெட்டி வைத்திருக்கிறேன்? என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கர்நாடக இசைப் பாடகர்கள். மந்தர பஞ்சமத்தில் முணுமுணுக்கும் அதே குரல் தார ஸ்தாயியில் மைக்கை அதிரவைக்கும். ஹெட்ஃபோனில் தன் குரல் சீராகக் கேட்டால் பாடகர் மைக்கோடு போராடுவதை நிறுத்திவிடுகிறார். மென்பொருள் வழியாகக் கேட்கவைத்தால் தாமதம் சேர்கிறது; பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. பாடகர் பாடும்போதே கேட்க வேண்டும் என்ற தேவை இல்லாதவர் பெட்டி வாங்காமலே இருக்கலாம். கடைக்காரர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் அறையில் அரை நிமிடம் வெறும் மௌனத்தைப் பதிந்து, அதை 8 டெசிபல் உயர்த்திக் கேளுங்கள். கம்ப்ரஸர் உரத்த இடங்களை அமுக்கிய பிறகு மொத்தத்தையும் உயர்த்துவோம் அல்லவா, அப்போது பாட்டின் இடைவெளிகளில் கேட்கப்போவது இதுதான்: மின்விசிறி, காக்கை, அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டுக் குக்கர். மே மாதச் சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பல்லவி பாடச் சொல்வது பாவம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனமான திரைச்சீலையும் நெருங்கி வைத்த மைக்கும் செய்யும் வேலையை எந்தக் கம்ப்ரஸரும் செய்யாது.

இனி வகைகள். மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் வி.சி.ஏ. வகையில் டி.பி.எக்ஸ். 266எக்ஸ்.எஸ். எளிதாகக் கிடைக்கும், இரண்டு சேனல் கொண்டது. எதற்கும் பொருந்தும், எதிலும் மயக்காது. எஃப்.எம்.ஆர். ஆடியோவின் ஆர்.என்.சி. உருவத்தில் சிறியது, பார்வைக்கு மிகச் சாதாரணம். அதன் 'சூப்பர் நைஸ்' பொத்தானை அழுத்தினால் அமுக்குவதே தெரியாமல் அமுக்கும். இன்சர்ட் துளைக்கும் அதற்கும் ஒரே டி.ஆர்.எஸ். (மூன்று தொடுமுனை பிளக்) கேபிளில் போக்கும் வரத்தும் முடிந்துவிடும். முதல் பெட்டியாக என் ஓட்டு இதற்குத்தான்.

பில் புட்னம் உருவாக்கிய 1176, எஃப்.இ.டி. என்னும் டிரான்சிஸ்டரால் அமுக்கும் வகை. புதிதாக வாங்கினால் விலை இலட்சத்தைத் தாண்டும். வார்ம் ஆடியோ டபிள்யூ.ஏ.-76, கிளார்க் டெக்னிக் 76-கே.டி. ஆகியவை அதன் வழி வந்த மலிவுப் பதிப்புகள். 1176இன் அட்டாக் (அமுக்குவதற்கு எடுக்கும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோவினாடி வரை. அதாவது மிக மெதுவான நிலையிலும் ஒரு மில்லிவினாடிக்குள் பாய்ந்துவிடும். குமிழும் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். திரைப்பாட்டுக் குரலுக்கு இது கொடுக்கும் முனைப்பு அருமை. மிருதங்கத்துக்கு வைத்தால் 'நம்' என்ற சொல்லின் முகம் மழுங்கிவிடும்.

ஒளியால் இயங்கும் ஆப்டோ வகையில் புகழ்பெற்றது எல்.ஏ.-2ஏ. இரண்டே குமிழ்கள். அமுக்கிய பிடியைப் பாதிவரை சட்டென்று விட்டு, மீதியை மெதுவாகத் தளர்த்தும். நீண்ட ஆலாபனைக்கு அந்த நிதானம் பொருந்துகிறது. ஏ.ஆர்.டி. புரோ வி.எல்.ஏ. II, கிளார்க் டெக்னிக் கே.டி.-2ஏ இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வால்வு ஒளிர்வதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

குரலுக்கு என் தொடக்க அமைப்பு: விகிதம் 3:1 (எல்லையை 3 டெசிபல் தாண்டினால் 1 மட்டுமே வெளியே வரும்), அட்டாக் 15 மில்லிவினாடி, ரிலீஸ் (பிடியை விடும் நேரம்) 200 மில்லிவினாடியை ஒட்டி. உரத்த இடத்தில் மீட்டர் 3 அல்லது 4 டெசிபல் அசைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பதிவோடு அமுக்கியதைப் பிறகு விரிக்க முடியாது. ரிலீஸ் மிகக் குறுகினால் கமகத்தின் ஒவ்வொரு அசைவையும் கம்ப்ரஸர் துரத்தும், தோடி நோயாளியாகிவிடும். மிருதங்கத்தில் சிக்கல் வேறு. தொப்பியின் கும்கி முழங்கும்போதெல்லாம் வலந்தலையும் சேர்ந்து அமுங்கும். ஆகவே கீழ்ச்சுருதிக்கு உணர்திறனைக் குறைக்கும் 'கான்டூர்' பொத்தான் உள்ள டி.பி.எக்ஸ். 166எக்ஸ்.எல். பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவருகிறான் என்றால் பின்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் சுவிட்ச் இல்லாத பெட்டியை இங்கே நேரே செருகினால் கதை முடிந்தது. தனி அடாப்டரில் இயங்குபவை எளிது, ஆனால் சில கருவிகளுக்கு ஏ.சி. வெளியீடு தரும் அடாப்டர்தான் வேண்டும். கேட்காவிட்டால் கடையில் டி.சி.யைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உறுமல் கேட்கிறது என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் இணையுங்கள்; அதிலேயே பாதி உறுமல் அடங்கும்.

பழைய பெட்டி வாங்கும்போது மடிக்கணினி, இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோனோடு விற்பவர் வீட்டுக்கே போங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை இரண்டு சேனலிலும் ஒரே அமைப்பில் அனுப்பி, இரண்டு மீட்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். கரகரத்தால் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்துப் பெட்டிகளில் அது உப்புக்காற்றின் வேலையாக இருக்கலாம். கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகும், விலையைக் குறைக்கவும் நல்ல காரணம். ஒலியை அமுக்காமல் நேரே அனுப்பும் பைபாஸில் போட்டாலும் உறுமினால் திரும்பிவிடுங்கள்.

கேபிளுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். உங்கள் இன்சர்ட்டில் பிளக்கின் நுனி அனுப்புவதா வாங்குவதா என்பதைக் கையேட்டில் பார்த்துத் தாளில் வரைந்து சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போங்கள். வயரும் பிளக்கும் அங்கே கிடைக்கும். சாலிடரிங் தெரிந்தால் நீங்களே இரண்டாகச் செய்துகொள்ளலாம், ஏனென்றால் ஒன்று பதிவின் நடுவில்தான் அறுந்துபோகும்.