கால்பந்து கிளப்பின் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரான்ஸ்பர் காலம் முடிந்த மறுநாள் ரசிகர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. விற்ற வீரர்களின் தொகையை ஒரு பக்கமும் வாங்கிய வீரர்களின் தொகையை மறுபக்கமும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சியது கிளப்பின் கல்லாவில் இருக்கிறது என்றோ, துண்டு விழுந்த அளவுக்குக் கிளப் நஷ்டப்பட்டுவிட்டது என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். கிளப்புகளின் ஆண்டறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்துவரும் எனக்கு, இந்தக் கழித்தல் கணக்கைப் போல ஆளைத் திசைதிருப்புவது வேறொன்றும் இல்லை என்றே தோன்றுகிறது. பணம் எவ்வளவு என்று கேட்கிற நாம், அது எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதியில் போகும் என்று கேட்க மறந்துவிடுகிறோம். ரசிகர்கள் செய்யும் தவறுகளில் பலவும், கிளப் நிர்வாகிகளே செய்யும் தவறுகளில் சிலவும், இந்தத் தேதியை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

ஒரு வீரர் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி யூரோவுக்கு வாங்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 கோடி முழுவதும் வாங்கிய ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவதைப் போல, ஒப்பந்தக் காலத்துக்குச் சமமாகப் பிரித்து ஆண்டுக்கு 1 கோடி வீதம் செலவில் காட்டுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் ஏட்டில் அவருடைய மதிப்பு 2 கோடியாக இறங்கியிருக்கும். அப்போது அவரை 3.5 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிட ஒன்றரைக் கோடி குறைவாக விற்றிருந்தும் அந்த ஆண்டுக் கணக்கில் ஒன்றரைக் கோடி லாபம் நிற்கும். ரசிகர் நஷ்டம் என்பார், கணக்காளர் லாபம் என்பார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. கையில் உள்ள ரொக்கத்தின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறு. டிரான்ஸ்பர் தொகைகள் பெரும்பாலும் தவணைகளில் கைமாறுவதால், விற்ற வீரருக்கு வர வேண்டிய தொகையில் பாதி அடுத்த ஆண்டுக்கு நிற்கும். அவரை வாங்கியபோது ஒத்துக்கொண்ட கடைசித் தவணையை இந்த மாதமே கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர்கள் முதல் பக்கத்து லாபத்தோடு நின்றுவிடாமல், பின்பக்கக் குறிப்புகளில் மற்ற கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்பர் பாக்கி எவ்வளவு, அதில் பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதையும் பார்ப்பது அவசியம்.

இந்தத் தேய்மான முறையை இழுத்து நீட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கிளப், மிகைலோ முட்ரிக் என்ற வீரரை எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆண்டுகள் கூடக் கூட ஒவ்வோர் ஆண்டுக்கும் விழும் செலவு குறைவாகத் தெரியும் என்பது இதன் அனுகூலம்; வீரர் சோபிக்காமல் போனாலும் அவருடைய சம்பளமும் ஏட்டு மதிப்பும் அத்தனை ஆண்டுகளுக்குக் கழுத்தில் தொங்கும் என்பது இதன் ஆபத்து. அதே ஆண்டில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவும், பின்னர் டிசம்பரில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கும், டிரான்ஸ்பர் தொகையை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று வரம்பு கட்டின. இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்த டெர்பி கவுண்டி கிளப் வேறு வழியில் போனது. ஆண்டுதோறும் சமமாக எழுதாமல், ஒப்பந்த முடிவில் வீரருக்கு இவ்வளவு மதிப்பு மிஞ்சும் என்று தானே ஊகித்து, அதற்கேற்பத் தேய்மானத்தைக் குறைத்து எழுதியது. அது முறையல்ல என்று தீர்ப்பாகி, கணக்குகளைத் திருத்தி எழுதியபோது லீக் விதிகள் அனுமதித்த நஷ்ட வரம்பு மீறப்பட்டது வெளியே வந்தது. கடனைச் சமாளிக்க முடியாமல் 2021 செப்டம்பரில் திவால் நிர்வாகியிடம் போனதற்கு 12 புள்ளிகள், நவம்பரில் இந்தக் கணக்குக் குற்றத்துக்கு 9 புள்ளிகள் என்று மொத்தம் 21 புள்ளிகளை இழந்து, அந்தப் பருவத்தின் முடிவில் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது.

சொந்த அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த வீரரை விற்கும்போது, கிளப்புக்கு நெருக்கடி வந்துவிட்டது என்று ரசிகர்கள் உடனே நினைத்துவிடுவது இன்னொரு தவறு. டிரான்ஸ்பர் தொகை கொடுத்து வாங்காத வீரருக்கு ஏட்டு மதிப்பு கிடையாது என்பதால், விற்ற தொகை ஏறக்குறைய முழுவதும் லாபமாக எழுதப்படும். நஷ்ட வரம்பு விதிகளின்படி கணக்கைச் சரிசெய்ய அவசரப்படும் கிளப்பின் கண் முதலில் அந்தப் பிள்ளைகள் மீது விழுவது இதனால்தான். எட்டு வயதில் கிளப்புக்குள் வந்த ஒருவர், கணக்குப் புத்தகத்தில் தனக்கு மதிப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதலில் விற்கப்படுவது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. விதி எழுதியவர்கள் விரும்பிய விளைவு இதுவாக இருக்க முடியாது.

இங்கேயும் தேதிதான் முடிவு செய்கிறது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் தன் அகாடமி வீரர் பிரென்னன் ஜான்சனை 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றது. கோடையின் தொடக்கத்தில் வந்த குறைந்த விலையை மறுத்துக் காத்திருந்ததால் கிடைத்த நல்ல விலை அது. ஆனால் கிளப்பின் கணக்காண்டு ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. அப்போதைய விதிப்படி, பிரீமியர் லீக்கில் முழுக்க இருந்த கிளப்புக்கு மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் அனுமதிக்கப்பட்டது. அந்த மூன்றில் இரண்டு ஆண்டுகள் கீழ் டிவிஷனில் கழிந்ததால் ஃபாரஸ்டுக்கு வரம்பு 6.1 கோடிதான். விற்பனை இரண்டு மாதம் தள்ளிப்போனதால் அந்த வரவு குறிப்பிட்ட கணக்கில் சேரவில்லை. அதிக விலைக்காகத்தான் பொறுத்திருந்தோம் என்று கிளப் வாதாடியும், 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் கழிக்கப்பட்டன.

நிர்வாகிகள் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது, கைக்கு வராத பணத்தை வந்ததாகவே எண்ணிச் செலவழிப்பது. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2001இல், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை போனது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்தப் போட்டியில் இடம் கிடைக்கும் என்று நம்பி, வருங்கால டிக்கெட் வருவாயை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்ட் கடன் வாங்கி அகலக்கால் வைத்தது. அந்த இடம் மீண்டும் கிடைக்கவில்லை. வீரர்களை ஒவ்வொருவராக விற்றும் சமாளிக்க முடியாமல் 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்தும் 2007இல் இரண்டாம் டிவிஷனிலிருந்தும் இறங்கியது. பிரான்சில் இதே தவறு ஒரு லீக் முழுவதையும் பிடித்தது. மீடியாப்ரோ நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி யூரோ தருவதாக ஒப்புக்கொண்டு 2020இல் தொடங்கும் ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருந்தது. கிளப்புகள் அதை நம்பிச் சம்பளத்தை உயர்த்தின. பருவம் தொடங்கிய இரண்டே மாதங்களில், அக்டோபரில், தவணை வரவில்லை. டிசம்பரில் ஒப்பந்தமே முறிந்தது. வருமானம் பாதியில் நின்றபோதும் வீரர்களின் சம்பள ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன. ஒளிபரப்புப் பணம் பெரிய வருவாய் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதைத் தருபவர் யார், அவர் தவறினால் யாருடைய உத்தரவாதம் இருக்கிறது என்று கேட்காமல் அதன் மேல் சம்பளப் பட்டியலைக் கட்டக் கூடாது.

கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவதும் இதன் இன்னொரு வடிவமே. இங்கிலாந்தின் சண்டர்லாந்து கிளப் 2017இலும் 2018இலும் அடுத்தடுத்து இறங்கியபோது இதன் வலியை அறிந்தது.

கடன் என்ற சொல்லைக் கண்டவுடன் பயப்படுவதும் சரியல்ல. புதிய மைதானம் கட்ட வாங்கி, பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக அடைக்கும் கடனுக்கு எதிரே ஒவ்வொரு ஆட்ட நாளிலும் வருவாய் தரும் சொத்து நிற்கிறது. போன மாதச் சம்பளத்தைக் கொடுக்க வாங்கிய கடனுக்கு எதிரே எதுவும் இல்லை. தொகை ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கிளப் உரிமையாளரே கொடுத்த கடன் மூன்றாவது வகை: அவர் அதைப் பங்கு முதலாக மாற்றிவிட்டால் கிளப் தப்பித்தது, திருப்பிக் கேட்டால் அதோகதி.

வெற்றியைப் பார்த்துக் கிளப்பின் நிதிநிலை நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஜியாங்சு சுனிங் 2020 நவம்பரில் சீன லீக்கின் சாம்பியன் ஆனது. உரிமையாளரான சில்லறை வணிக நிறுவனம் கைவிட்டதும், 2021 பிப்ரவரியில், மூன்றே மாதங்களில் அதன் செயல்பாடு நின்றது. இங்கிலாந்தின் பரி கிளப் 2019 வசந்த காலத்தில் நான்காம் டிவிஷனிலிருந்து உயர்வு பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், கடன்களைத் தீர்க்கப் பணம் இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்ட முடியாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 1894 முதல் அந்த லீக்கில் ஆடிவந்த கிளப் அது.

சிறிய கிளப்புகளைப் பெரிய கிளப்பின் சுருங்கிய நகலாகப் பார்ப்பதும் தவறு. அவற்றின் வருமானத்தில் நுழைவுக் கட்டணமும் உள்ளூர் ஆதரவாளர்களின் நன்கொடையுமே பெரும்பங்கு. ஒரே ஒரு ஆட்டம் ஒரு பருவத்தையே மாற்றிவிடும். இங்கிலாந்தின் எட்டாம் நிலை டிவிஷனில் ஆடும் கிளப்பான மரீன், 2021 ஜனவரியில், அந்நாட்டின் பெரிய, சிறிய கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையில் டாட்டன்ஹாமைச் சந்தித்தபோது பெருந்தொற்றால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வாயில் வசூல் போயிற்றே என்று உட்கார்ந்துவிடாமல், உள்ளே நுழைய முடியாத ஓர் ஆட்டத்துக்குப் பத்து பவுண்ட் வீதம் அடையாள டிக்கெட் விற்றார்கள். 30,000 டிக்கெட்டுகளுக்கு மேல் விற்றன. ஆனால் இப்படிப்பட்ட பணம் ஒருமுறை வருவது. அதை நம்பி மூன்று ஆண்டுச் சம்பள ஒப்பந்தம் போட்டால், லீட்ஸ் செய்ததைச் சிறிய அளவில் செய்வதாகிவிடும்.

சிறிய கிளப்புகள் கவனக்குறைவால் இழக்கும் இன்னொரு வரவும் உண்டு. ஒரு வீரர் நாடு விட்டு நாடு ஒப்பந்த மாற்றம் பெறும்போது, ஃபிஃபா விதிப்படி டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு சிறுவனை 12 முதல் 17 வயது வரை தன்னிடம் வைத்திருந்த கிளப்புக்கு இதன்படி 2 சதவீதம் சேரும்; அவர் பின்னாளில் 5 கோடி யூரோவுக்குப் போனால் அது 10 லட்சம் யூரோ. அந்தச் சிறுவன் எந்தத் தேதியில் பதிவு செய்யப்பட்டான், எந்தத் தேதியில் விலகினான் என்ற ஆவணம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் ஒழுங்காக இல்லையென்றால் இந்தப் பணத்துக்கு வழியில்லை. 2022 நவம்பர் முதல் கிளப்புகளுக்கு இடையிலான இத்தகைய தொகைகளைப் பட்டுவாடா செய்யும் ஃபிஃபாவின் தீர்வகம் இந்தப் பங்கீட்டைத் தானே நடத்துகிறது என்றாலும், அது நம்பியிருப்பது அந்தப் பதிவுகளைத்தான். பயிற்சியாளரின் சம்பளத்தை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுக்கும் கிளப்புகள் பதிவேட்டை மட்டும் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

கிளப் திவாலானால் அடிபடுவது வீரர்கள்தான் என்று நினைப்பதும் உண்மைக்கு மாறானது. இங்கிலாந்து லீக்கில் தொடர்ந்து ஆட வேண்டுமானால், வீரர்களின் சம்பளப் பாக்கியையும் மற்ற கிளப்புகளின் டிரான்ஸ்பர் பாக்கியையும் முழுமையாகத் தீர்த்தாக வேண்டும் என்பது நெடுநாளைய விதி. வரித்துறை இதை நீதிமன்றத்தில் எதிர்த்து 2012இல் தோற்றது. ஆக, மிஞ்சும் சில்லறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் வரித்துறையும் ஊர் வணிகர்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும்தான். 2008இல் எஃப்ஏ கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத், 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே திவால் நிர்வாகியிடம் போன முதல் கிளப் ஆனது. அப்போது வெளியான கடனீந்தோர் பட்டியலில், ஆட்ட நாட்களில் மைதானத்து ஓரம் முதலுதவிக்கு நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பின் பெயரும் இருந்தது.