ரிப்பன் பட்டையை வாசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

இராணுவச் சீருடையின் இடது மார்பில், சட்டைப்பைக்கு மேலே, வண்ணக் கோடுகள் வரிசையாகத் தெரியுமே, அதுதான் ரிப்பன் பட்டை. பதக்கங்களை முழுதாக அணிவது விழா நாட்களில்தான். மற்ற நாட்களில் ரிப்பன் துண்டுகள் மட்டும். சேகரிக்கப் புதிதாக வருபவர்கள் பதக்கத்தை விட்டுவிட்டு இதில் தொடங்கலாம் என்பது என் கட்சி. விலை குறைவு, இடத்தை அடைக்காது, படிக்கத் தெரிந்தால் நிறையப் பேசும்.

படி 1: ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் ரிப்பன்கள் தொடக்கத்திற்கு ஏற்றவை. இந்தியச் சிப்பாய்களும் இவற்றையே பெற்றார்கள். போர்முனைக்கு ஒரு 'ஸ்டார்' (நட்சத்திர வடிவப் பதக்கம்) என்று பிரித்துக் கொடுத்ததால், ஆள் எங்கே இருந்தார் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஐந்து நிறங்களை மனப்பாடம் செய்யுங்கள்

கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம கோடுகள்: 1939–45 ஸ்டார். கடற்படை, தரைப்படை, விமானப்படை என்று பொருள். பாலைவன மணல் நிறத்தின் நடுவே சிவப்பு, இருபுறமும் மெல்லிய நீலங்கள்: ஆப்பிரிக்கா ஸ்டார். அகன்ற சிவப்பின் இருபுறமும் கருநீலம், அந்த நீலத்திற்குள் ஆரஞ்சுக் கோடு: பர்மா ஸ்டார். இத்தாலியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை: இத்தாலி ஸ்டார். பிரிட்டிஷ் கொடியின் நிறங்களில் இருப்பது போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை செய்திருந்தாலே அது கிடைத்தது.

படி 3: இடமிருந்து வலமாகப் படியுங்கள்

மூத்த ரிப்பன், அதாவது வரிசை முறையில் முதலிடம் பெற்றது, மார்பின் நடுப்பக்கம் வரும். எதிரே நிற்கும் நமக்கு அது இடப்பக்கம். 1939–45 ஸ்டாரில் கருநீலமும் நமக்கு இடப்பக்கமே இருக்க வேண்டும். மாறியிருந்தால் தையற்காரர் அவசரப்பட்டிருக்கலாம், அல்லது விவரம் தெரியாத யாரோ பிற்பாடு தைத்திருக்கலாம்.

படி 4: இல்லாததையும் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. என்னிடம் உள்ள ஒரு பட்டையில் நான்கு துண்டுகள்: 1939–45, ஆப்பிரிக்கா, பர்மா, போர்ப் பதக்கம். ஆப்பிரிக்கா ரிப்பனின் மேல் எதுவும் இல்லை. பொருத்திய ஊசித்துளை கூட இல்லை. 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாம் இராணுவத்தில் இருந்தவர்கள் அதன்மேல் வெள்ளி நிறத்தில் '8' என்ற எண்ணை அணிவார்கள். ஆக, இவர் ஆப்பிரிக்காவில் இருந்தார். ஆனால் அந்த எண்ணுக்கு உரிய சேவை இவருக்கு இல்லை. ஐந்தாம் இந்திய டிவிஷனின் பாதை இதோடு அச்சாகப் பொருந்துகிறது: 1941இல் எரித்ரியா, பிறகு மேற்குப் பாலைவனம், எகிப்தில் அந்த 1942 அக்டோபர் 23 அன்று தொடங்கிய எல் அலமெயின் பெரும்போருக்கு முன்பே இராக், அதன்பின் பர்மா. அதற்காக அவர் அந்த டிவிஷன்தான் என்று சத்தியம் செய்ய முடியாது; ரிப்பனில் பெயர் எழுதியிருப்பதில்லையே. '8' இருந்து, அருகே இத்தாலி ஸ்டாரும் இருந்தால், என் நினைப்பு இத்தாலியின் மான்டே காசினோவில் போரிட்ட நான்காம் இந்திய டிவிஷன் பக்கம் போகும்.

ஆப்பிரிக்கா, பர்மா, இத்தாலி மூன்றும் ஒரே பட்டையில் கிடைத்தால் கைநழுவ விடாதீர்கள். டாங்கிகளோடு போரிட்ட பிரிட்டிஷ் ஏழாம் கவசப் பிரிகேட் போல வெகு சிலரே அப்படிச் சுற்றியவர்கள்.

படி 5: சேராத ஜோடியைக் கண்டுபிடியுங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பட்டையில் பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெருமையாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். விதிப்படி ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். இரண்டாவதற்குத் தகுதி இருந்தால் முதல் ரிப்பன்மேல் சிறிய வெள்ளி ரோஜா. கடைக்காரர் அழகுக்காகக் கோத்த மாலைக்கு நான் காசு கொடுத்திருந்தேன்.

கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கையும் பிடித்துப் பாருங்கள். பிற்காலத்து நூல் பளீரென்று நீல வெண்மையாக ஒளிரும். ஆனால் பழைய துணியைப் புதுச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதால், விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பின்பக்கத் தையல், ஊசியின் துரு, ஓரங்களில் நிறம் வெளுத்த விதம் எல்லாம் ஒரே வயதைக் காட்ட வேண்டும்.

படி 6: வைக்கும் முறை

துவைக்காதீர்கள், பிரிக்காதீர்கள், வெயில்படும் சுவரில் மாட்டாதீர்கள். வாங்கிய அன்றே எங்கே, யாரிடம், அவர் என்ன சொல்லி விற்றார் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பட்டையோடு வையுங்கள். அவர் சொன்னது பொய்யாகத் தெரிந்தாலும் எழுதுங்கள்.