டச்சுப் பிரபுக்களின் கடிதங்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆவணங்களுக்காக டச்சு கற்கத் தொடங்கி, அப்படியே நெதர்லாந்தின் உள்நாட்டு அரசியலுக்குள் நுழையும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான் விழுந்த குழியிலேயே அவர்களும் விழுகிறார்கள். பழைய கையெழுத்தைத் தப்பாகப் படிப்பது, ஆண்டு மாறிப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹாலந்தை வைத்தே எல்லாவற்றையும் அளப்பது

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து வணிகர்களின் குடியரசு, அதில் பிரபுக்களுக்கு என்ன வேலை என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் குடியரசின் மாகாணங்களில் ஒன்றுதான் ஹாலந்து; அதன் மாகாண மன்றத்தில் 18 நகரங்களுக்கு 18 வாக்கு, பிரபுக்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கெல்டர்லாந்து மாகாணத்துக்குப் போனால் கதையே வேறு, அங்கே பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தின் கிராமப்புறத்தில் வாக்குரிமை பண்ணை நிலத்தோடு ஒட்டியிருந்தது. பண்ணையை வாங்கினால் வாக்கும் கூடவே வரும். பிரபுக் குடும்பங்கள் அப்படித்தான் வாங்கிச் சேர்த்தன.

'வ்ரீன்ட்' என்றால் நண்பர் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைய டச்சில் அது நண்பர்தான். 17ஆம் நூற்றாண்டிலோ உறவினர், சம்பந்தி வீட்டார், தன் அணிக்காரர், ஆதரவு தரும் பெரிய மனிதர், அவரை அண்டி நிற்பவர் எல்லாருமே வ்ரீன்ட். ஒரு ஃபிரீஸ்லாந்துக் குடும்பத்தின் கடிதங்களை ஏழு மாதம் மொழிபெயர்த்து, யார் யாருக்கு நண்பர் என்று கோடு இழுத்துப் பெரிய வரைபடமே போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கடிதத்தையும் அதற்கு வந்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது. கீழே இருப்பவர் 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று முடிக்கிறார். மேலே இருப்பவர் 'உங்கள் நல்ல வ்ரீன்ட்' என்று முடிக்கிறார். ஒருவர் மகனுக்குப் பதவி கேட்கிறார், மற்றவர் தன் ஆளுக்கு வாக்கு கேட்கிறார். வரைபடத்தைக் கிழித்துவிட்டு முதல் கடிதத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இத்தனைக்கும் நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: வேண்டியவர். 'அவர் நமக்கு வேண்டியவர்' என்பதில் உறவும் இருக்கலாம், நன்றிக்கடனும் இருக்கலாம், நாளைக்கு ஆகவேண்டிய காரியமும் இருக்கலாம். அகராதியைத் திறக்கும் முன் கடிதம் என்ன கேட்கிறது, கையெழுத்துக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சிபாரிசை லஞ்சம் என்று படிப்பது

தன்னை அண்டியவருக்குச் சிபாரிசு செய்வது பெரிய மனிதரின் கடமை. செய்யாதவரிடம் ஆள் தங்காது.

ஸ்டாட்ஹௌடரை அரசர் என்பது

ஸ்டாட்ஹௌடர் என்பவர் மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர், அரசர் அல்ல. பதவியைத் தந்தது மாகாண மன்றம். ஆனால் 1674-75இல் உட்ரெக்ட், கெல்டர்லாந்து, ஓவரெய்சல் மாகாணங்களின் நகர மன்றங்களில் ஆள் போடும் அதிகாரம் ஸ்டாட்ஹௌடர் மூன்றாம் வில்லெம் கைக்கு வந்தது. அப்புறம் அங்கெல்லாம் அவருக்கு வேண்டியவர்கள்தான்.

1650 முதல் 1672 வரை ஸ்டாட்ஹௌடரே இல்லை என்பது

ஹாலந்தில் இல்லை. ஃபிரீஸ்லாந்தில் வில்லெம் ஃபிரெடரிக் 1664இல் சாகும்வரை இருந்தார்.