தோல்வியில் தவிக்கும் அணி: ரசிகர்களை மீட்கும்போது நிர்வாகம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடர்ந்து தோற்கும் கால்பந்து அணியின் நிர்வாகம் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறது. ரசிகர்களின் கோபத்துக்குத் தோல்விதான் காரணம், இரண்டு ஆட்டம் ஜெயித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று அது கணக்குப் போடுகிறது.

வேல்ஸைச் சேர்ந்த கார்டிஃப் சிட்டி அணியின் வரலாறு இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. 2012-இல் அதன் உரிமையாளர் அணியின் நீலச் சீருடையைச் சிவப்பாக மாற்றினார். அடுத்த ஆண்டே அந்தச் சிவப்புச் சீருடையில் அணி இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. எதிர்ப்பு அப்போதும் ஓயவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பிய பிறகுதான் அந்த விவகாரம் முடிந்தது. இதற்கு நேர்மாறாக, சண்டர்லாந்து 2018-இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்குக்குச் சரிந்தபோதும் உள்ளூர் ஆட்டங்களுக்குச் சராசரியாக 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிப்போன இருக்கைகளை மாற்றப் புதிய நிர்வாகம் முடிவெடுத்தபோது, ரசிகர்களே வந்து கைகொடுத்தார்கள். தோல்வியைத் தாங்கும் மனம் ரசிகர்களுக்கு உண்டு. தங்களை ஒரு பொருட்டாக மதிக்காததைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது

2018 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. 10,000 பேரிடம் கருத்துக் கேட்டதாகவும் சொன்னது. எதிர்ப்பு வெடித்து, அன்றைக்கே பின்வாங்க வேண்டியதாயிற்று. எத்தனை பேரிடம் கேட்டோம் என்ற எண்ணிக்கை இங்கே உதவாது. எதைக் காட்டி, எந்தக் கட்டத்தில் கேட்டோம் என்பதே முக்கியம். எவர்ட்டன் அணியும் 2013-இல் புதிய சின்னம் வெளியிட்டு இதே பள்ளத்தில் விழுந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டு, மூன்று வடிவங்களை ரசிகர்களின் வாக்கெடுப்புக்கு விட்டு, வென்றதை அடுத்த சீசனில் பயன்படுத்தியது.

ஆகவே ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக இருந்தால் அதற்கு உண்மையான வேலை இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அவர்களை நிர்வாகம் நியமிக்கக் கூடாது, ரசிகர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சீசன் டிக்கெட் (சீசன் முழுவதற்குமான டிக்கெட்) வைத்திருப்பவர்கள், வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் செய்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், இளைஞர்கள் ஆகியோருக்குத் தனி இடங்கள் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது வேண்டும். பேசப்போகும் விஷயங்களின் பட்டியல் ஒரு வாரம் முன்பே அவர்கள் கைக்குப் போக வேண்டும். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் நடவடிக்கைக் குறிப்பு எல்லோரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, பதில் சொல்லும் அதிகாரியின் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஒப்பந்த ரகசியம் காரணமாகப் பதில் சொல்ல முடியாதென்றால் அந்தக் காரணத்தையே எழுதுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஊடகத் தொடர்பாளரை மட்டும் அனுப்புவது. பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் இயக்குநர் அந்த அறையில் இல்லாவிட்டால் அது வெறும் சடங்கு; முதல் கூட்டத்திலேயே ரசிகர்களுக்கு இது புரிந்துவிடும்.

விலையைத் தவறான நேரத்தில் தொடுவது

2016 பிப்ரவரி 6 அன்று தன் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 77 பவுண்டு டிக்கெட் அறிவிப்பை எதிர்த்து, சரியாக 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அதிகபட்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிறுத்தினார்கள். இந்த மன்னிப்பு எடுபட்டதற்குக் காரணம், அதனோடு ஒரு தொகையும் ஒரு கால அளவும் சேர்ந்து வந்ததுதான். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று தொடங்கும் அறிக்கைகள் எடுபடாமல் போவதும் இதனால்தான். செய்த தவறு என்ன, அது ஏன் தவறு, எந்தத் தேதிக்குள் என்ன மாறும் என்ற மூன்றும் மன்னிப்பில் இருக்க வேண்டும்.

சலுகையை வெட்டுவது விலையேற்றத்தைவிட மோசமான அடி. மான்செஸ்டர் யுனைடெட் 2024-இன் கடைசியில், சீசன் பாதியில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று வைத்து, சிறுவர்களுக்கும் முதியோருக்கும் இருந்த தள்ளுபடியை எடுத்துவிட்டது. இதில் கிடைக்கும் வருமானம் சொற்பம், ஆனால் மகனையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பம் மொத்தமாக நின்றுவிடும். பத்து வயதில் அரங்கத்துக்குள் வராத பிள்ளை முப்பது வயதில் சீசன் டிக்கெட் வாங்குவது அரிது.

மோசமான சீசனில் விலையை அப்படியே நிறுத்துங்கள். தவணை முறை கொடுங்கள். சீசன் டிக்கெட் புதுப்பிப்புக்கான கடைசி நாளை, அடுத்த சீசன் திட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் வைக்காதீர்கள்.

பயிற்சியாளரைக் கேடயமாக்குவது

பயிற்சியாளரை நீக்கினால் இரண்டு வாரம் அமைதி கிடைக்கும். வீரர்களை வாங்கியது யார், அந்தப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்விகள் அதன் பிறகு வரும். நீக்கிய மறுநாளே விளையாட்டு இயக்குநர் நேரில் பேச வேண்டும். அடுத்தவரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. எந்த அளவுகோலில் தேடுகிறோம், இடைக்காலத்தில் யார் பொறுப்பு என்பதைச் சொன்னால் போதும். "முதல் ஆறு இடங்களுக்குள் வருவோம்" என்று சொல்வதைத் தவிருங்கள். அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவற்றை, உதாரணமாக ஊதியச் செலவின் வரம்பையும், இளையோர் அணியிலிருந்து எத்தனை பேருக்கு ஒப்பந்தம் என்பதையும், வாக்குறுதியாகக் கொடுக்கலாம்.

இலவசங்களால் சமாளிப்பது

2009-இல் டாட்டன்ஹாமிடம் 9-1 என்று தோற்ற பிறகு, பயணம் செய்து வந்த ரசிகர்களின் டிக்கெட் பணத்தை விகன் அணியின் வீரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வீரர்கள் தாங்களாக, ஒரே ஒருமுறை செய்ததால் அதற்கு மதிப்பு இருந்தது. நிர்வாகம் இதையே வழக்கமாக்கினால், அவமானத்துக்கு விலை பேசுவதுபோல் ஆகிவிடும். துண்டும் தொப்பியும் கொடுப்பதைவிட வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்துக் கட்டணத்தில் பங்கு கொடுப்பது மேல். பிரீமியர் லீக் 2016-17 முதல் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது; அந்த வரம்பு இல்லாத லீக்குகளில் கிளப்பே முன்வந்து வித்தியாசத்தை ஏற்கலாம்.

எதிர்ப்புப் பதாகைகளைப் பாதுகாவலர்களை விட்டுப் பறிக்கவும் வேண்டாம். வன்முறையோ வெறுப்புப் பேச்சோ இல்லாத பதாகையைப் பறித்தால், ஐம்பது பேரின் கோபம் ஒரு ஸ்டாண்ட் முழுவதற்கும் பரவும்.

தவறான எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது

பல கிளப்புகள் அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கை, விற்ற டிக்கெட்டின் கணக்கு. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் இருப்பவரும் அதில் சேர்ந்துவிடுவார். அவர்தான் அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் போகப்போகிறவர். எனவே நுழைவாயிலில் ஸ்கேன் ஆன எண்ணிக்கையை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக, ஆட்டத்துக்கு ஆட்டம் பாருங்கள். தொடர்ந்து மூன்று உள்ளூர் ஆட்டங்களுக்கு வராதவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அழைப்பவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. எந்தச் சலுகையையும் முன்வைக்கக் கூடாது. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பெயரை நீக்கிவிட்டு அடுத்த இயக்குநர் கூட்டத்தில் முதல் விஷயமாக வையுங்கள்.