பாஸ்தாவில் சீஸ் ஏன் திரிகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அக்கா மகள் தன் புது வீட்டில் எங்களுக்குப் பாஸ்தா செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஆனாலும் அவள் கை முந்திக்கொண்டது. துருவி வைத்த சீஸ் முழுவதும் கொதிக்கிற வாணலிக்குள் போய்விட்டது. “ஐயோ சித்தி, கட்டி கட்டியா ஆயிடுச்சு!” என்றாள். எட்டு வருடம் முன்பு, விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்த பிறகு, எனக்கும் இதேதான் நடந்தது.

உப்பை மறப்பதும் குழைய விடுவதும் இரண்டாம் முறையில் தானாகச் சரியாகிவிடும். யாராவது சொன்னால்தான் புரியும் என்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

## அடுப்பு எரியும்போது சீஸ் போடுவது

காச்சோ எ பெப்பே என்ற ரோம் நகரத்துப் பாஸ்தாவுக்கு மூன்றே சாமான்: பாஸ்தா, மிளகு, பெக்கோரினோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ். க்ரீம் கிடையாது. பாஸ்தா வெந்த தண்ணீரும் சீஸும் கலந்துதான் சாஸ் ஆகவேண்டும். அன்று என் வாணலியில் சீஸ் ரப்பர் உருண்டையாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது, அடியில் வெறும் தண்ணீர் நின்றது. 200 கிராம் பெக்கோரினோ! அதன் விலையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சூடு சுமார் 65 டிகிரியைத் தாண்டினால் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அதைத் தடுப்பது மாவுச்சத்து. மோர்க்குழம்பு வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அரிசியும் பருப்பும் அரைத்து மோரில் கலக்கிறோம், நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். வெறும் மோரை யாரும் தளதளவென்று கொதிக்க விடுவதில்லை. சீஸுக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். “சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள்” என்று சொல்லும் சமையல் குறிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. சீஸ் போடும் நேரத்தில் சிறு தீயும் வேண்டாம். அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, அப்புறம் போடுங்கள். பாஸ்தாவில் இருக்கும் சூடே போதும்.

2025-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அதற்கு அந்த ஆண்டு கிடைத்தது. சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டிதான் என்பது அவர்கள் கண்டது. பாஸ்தா தண்ணீரில் எப்போதும் அவ்வளவு இருக்காது. அதனால் 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் கார்ன்ஃப்ளோர் எடுத்து, 40 மில்லி தண்ணீரில் கரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்து, அதில் சீஸைக் குழைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பாஸ்தாவில் இந்த விழுதைப் போட்டு, பாஸ்தா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் வழவழவென்று வரும். அக்கா மகளுக்கு மறுவாரமே வந்துவிட்டது.

## பானை நிறையத் தண்ணீர்

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழக்கமான கணக்கு. காச்சோ எ பெப்பேக்கு மட்டும் நான் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுவேன், கஞ்சித்தன்மை கூடும். பெக்கோரினோவிலேயே உப்பு தூக்கலாக இருப்பதால் உப்பையும் குறைக்க வேண்டும்.

## கார்பனாராவில் க்ரீம்

வேண்டாம். கார்பனாரா என்ற பாஸ்தாவின் சாஸுக்கு முட்டையும் சீஸும் போதும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

## பெஸ்தோவைச் சூடாக்குவது

துளசி இனத்து பேசில் இலையை அரைத்த விழுதுதான் பெஸ்தோ. சூடாக்கினால் இலை கறுத்து மணம் போய்விடும்.

## ராகுவைத் தக்காளியில் மூழ்கடிப்பது

இத்தாலியின் பொலோன்யா ஊரில் ராகு என்பது இறைச்சி சாஸ், தக்காளி சாஸ் அல்ல. 1982-இல் இத்தாலிய சமையல் அகாதெமி அந்த ஊர் வணிகச் சபையில் பதிவு செய்த செய்முறையிலும் தக்காளி கொஞ்சம்தான். வெங்காயம், கேரட், செலரி மூன்றும் நிதானமாக வதங்கவேண்டும். அப்புறம் இறைச்சி, ஒயின், பால். இரண்டு மணி நேரமாவது சிறு தீயில் இருக்கட்டும். அரை மணியில் முடிக்கவேண்டிய நாளில் ராகுவைத் தொடாதீர்கள், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் செய்யுங்கள்.

## மிஞ்சிய காச்சோ எ பெப்பேயை மறுநாள் சுட வைப்பது

திரிந்துவிடும். அளவாகச் செய்யுங்கள்.